கட்டணம் கூடினால் கல்வி கூடுமா?

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் வியாபாரி சாக்கைப் பார்த்து விலை சொல்வதில்லை. பழத்தைப் பார்த்தே சொல்கிறார். கட்டணம் கூடிய கல்லூரிக்கு மாற நினைக்கும் பிள்ளைகளும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

தென்காசி, நெல்லை வட்டாரத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அவற்றில் எங்கே படித்தாலும் பட்டம் தருவது அந்தப் பல்கலைக்கழகமே. அதே பாடத்துக்குப் பல மடங்கு பணம் கட்டுவதென்றால், கூடுதலாகக் கிடைப்பது என்ன? நல்ல ஆய்வகமா, அக்கறையுள்ள ஆசிரியரா, வேலைவாய்ப்பா? கட்டடமும் பேருந்தும் மட்டும்தான் என்றால் மாற வேண்டாம்.

செலவு நியாயமாகும் நேரமும் உண்டு. அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அவர் விரும்பிய விமானப் பொறியியல் சென்னை எம்.ஐ.டி.யில் இருந்தது. அங்கே சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜொகரா தம் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார். அந்தப் பணத்துக்கு ஈடாகக் கிடைத்தது, முன்பிருந்த இடத்தில் இல்லாத ஒரு படிப்பு.

கடன் வாங்கும் முன், நீங்கள் மாற நினைக்கும் கல்லூரியில் படித்து முடித்தவர்களிடம் பேசுங்கள். ஏற்கெனவே தேறிய தாள்கள் கணக்கில் வருமா, ஓர் ஆண்டு வீணாகுமா என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுதி, சாப்பாடு உட்படப் படிப்பு முடியும்வரை ஆகும் செலவை அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். இங்கே இல்லாத ஒன்று அங்கே உறுதியாக இருந்தால், துணிந்து போங்கள்.