இரண்டாவது பை யாருடைய தோளில்?

புகைப்படக்காரர் ஒருவர் தமது கருவிகளை ஒரே பையில் சுமப்பதா, இரண்டு மூன்று பைகளில் பிரித்துச் சுமப்பதா? இலக்கியச் சஞ்சிகையொன்றில் இப்படியொரு கேள்வியோடு கட்டுரை தொடங்கினால் வாசகர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். இது கமராக் கடைக்காரர் சொல்லித் தரவேண்டிய விடயமல்லவா என்று கேட்கவும் கூடும். ஆனால் ஒரு பொருளை இரண்டாகப் பிரிக்க முற்பட்ட உடனேயே மூன்று கேள்விகள் கூடவே வந்து நிற்கின்றன. எதை எதனோடு வைப்பது? எதை இழந்தால் தாங்கிக்கொள்ளலாம்? எதை யாரிடம் நம்பிக் கொடுப்பது? இவை கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள் அல்ல. மனிதர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை.

நான் யட்டவத்தையில் ஒரு கிராமப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். விளையாட்டுப் போட்டி, மீலாத் விழா, பரிசளிப்பு என்று வந்தால் படமெடுக்கும் வேலை என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தால், கலியாணங்களுக்காக மாத்தளையிலிருந்தும் கண்டியிலிருந்தும் வரும் படப்பிடிப்பாளர்களோடு பேசிப் பழக எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அவர்களுடைய சுமை சாதாரணமானதல்ல. இரண்டு கமராக்கள், மூன்று நான்கு லென்ஸ்கள், பிளாஷ்கள், பற்றரிகள், மெமரி காட்கள், விளக்குகளை நிறுத்தும் ஸ்டாண்டுகள், வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குடை. தூரத்துக் காட்சியைக் கிட்டக் கொண்டுவரும் பெரிய லென்ஸ் ஒன்று மட்டுமே ஒன்றரைக் கிலோ வரும். பாதையில் வேனை நிறுத்திவிட்டு, மிளகுக் கொடிகளுக்கும் கொக்கோ மரங்களுக்கும் ஊடாகக் கலியாண வீட்டுக்கு மேடேறும்போது அந்த ஒன்றரைக் கிலோவின் உண்மையான எடை தெரியவரும். இடையில் மழையும் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இவர்கள் பைகளைப் பிரிக்கும் விதத்தில் இரண்டு முறைகளைக் கண்டிருக்கிறேன். முதலாவது முறையில் கமராக்கள் எல்லாம் ஒரு பை, லென்ஸ்கள் எல்லாம் ஒரு பை, பற்றரியும் பிளாஷும் இன்னொரு பை. பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். தேடும் பொருள் உடனே கைக்கு வரும். ஆனால் இந்த மூன்றில் எந்தப் பை தவறினாலும் மற்ற இரண்டும் வீண். லென்ஸ் இல்லாத கமரா குருடு. பற்றரி இல்லாத பிளாஷ் வெறும் பிளாஸ்டிக். ஆபத்தை மூன்றாகப் பங்கிட்டதாக அவர் நினைக்கிறார். உண்மையில் அதை மூன்று மடங்காக்கியிருக்கிறார்.

அனுபவசாலிகளின் முறை வேறு. ஒவ்வொரு பையிலும் ஒரு கமரா, ஒரு லென்ஸ், ஒரு சோடிப் பற்றரி, ஒரு வெற்றுக் காட். ஒரு பை போனாலும் மற்றப் பையை வைத்துக்கொண்டு நிக்காஹ் வைபவத்தை எடுத்து முடிக்கலாம். ஒரு லென்ஸில் பூஞ்சணம் பிடித்தாலும் ஈரம் எல்லா லென்ஸ்களுக்கும் ஒன்றாகப் பரவாது. எடுத்து முடித்த காட் எந்தப் பைக்குள்ளும் போகாது. பொத்தான் பூட்டிய சட்டைப் பைக்குள் போகும். ஒரே நேரத்தில் இரண்டு காட்களில் பதியும் கமராக்களும் இருக்கின்றன. எனினும் இரண்டு காட்களையும் அந்தக் கமராவிலேயே விட்டுவிட்டுக் கமரா களவு போனால், இரட்டைப் பதிவால் என்ன பயன்?

கிராமப் பாடசாலைகளில் இருப்பவர்களுக்கு இது புதிய பாடமல்ல. கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர் என்றிருக்கும் இடத்தில் ஒரே ஓர் இடமாற்றக் கடிதம் வந்தால் ஒரு பாடமே நின்றுவிடுகிறது. துண்டுகளாக்குவதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. பிரிந்த ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையாக இருந்தால்தான் வரும்.

இத்தனை முன்னேற்பாடும் இறைவன் மீதுள்ள நம்பிக்கைக் குறைவால் வருவதில்லையா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. யூசுப் நபியின் வரலாற்றை நினைவுகூர்ந்தால் போதுமானது. யஃகூப் நபி தம் புதல்வர்களை எகிப்துக்கு அனுப்பும்போது எல்லோரும் ஒரே வாசலால் நுழையாமல் வெவ்வேறு வாசல்களால் நுழையுமாறு சொல்லியனுப்புகிறார். இறைவன் நாடியதிலிருந்து தம்மால் அவர்களைக் காக்க முடியாது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். ஏற்கெனவே ஒரு மகனைப் பறிகொடுத்த தகப்பனின் எச்சரிக்கையும் ஒரு நபியின் தவக்குலும் அங்கே சண்டையிடவில்லை.

ஒரு பைதான் நல்லது என்போரின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஒரே பையென்றால் கண் அதன் மீதே இருக்கும். இரண்டு பையோடு பஸ் ஏறுபவர் ஒன்றை மடியில் வைத்துக்கொள்வார், மற்றதைத் தலைக்கு மேலுள்ள தட்டில் போடுவார். மடியில் இருப்பது ஊர் வந்து சேரும். தட்டில் இருப்பது சிலவேளை பஸ்ஸோடு குருநாகலுக்குப் போய்விடும். கவனிக்க இரண்டாவது ஆள் இல்லாத இரண்டாவது பை பாதி கைவிடப்பட்ட பைதான். ஆகவே பையைப் பிரிக்கும் கேள்வி, அதைச் சுமக்கும் ஆளைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. என் கரிசனை எல்லாம் அந்த ஆளைப் பற்றியது.

கலியாண வீட்டுக்கு வரும் படப்பிடிப்பாளரின் பின்னால் எப்போதும் ஓர் இளைஞன் வருவான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். பெரியவரின் தோளில் கைக்கடக்கமான ஒரு பை. இளைஞனின் முதுகில் ஒன்று, தோளில் ஒன்று, கையில் ஸ்டாண்டுகளின் கட்டு. அப்படி வந்த ஒரு தம்பியிடம், பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"எனத்த ஈக்கியோ தெரியா சேர். நானா கட்டித் தந்தார், நான் தூக்கின."

அந்த நானா கெட்ட மனிதரல்லர். சாப்பாட்டுச் சஹனில் அவனைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டவர். ஆயினும் அந்தப் பைக்குள் இருந்த லென்ஸ் உடைந்தால் யாருடைய பணம் என்று கேட்டபோது, சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழிப்பதுதான் வழக்கம் என்றார். உள்ளே இருப்பது என்ன, அதன் பெறுமதி என்ன என்று தெரியாத ஒருவன், அது உடைந்தால் மாத்திரம் பொறுப்பாளியாகிவிடுகிறான். பெரியவர் தம் ஆபத்தைப் பிரித்ததாக நினைக்கிறார். அவர் செய்திருப்பதோ அதை இன்னொருவர் முதுகில் இறக்கிவைத்ததுதான்.

இது இன்று தொடங்கிய பழக்கமல்ல. 1868இல் ஆளுநர் ஹேர்கியூலிஸ் ரொபின்சன் காலத்தில் அமைக்கப்பட்ட தொல்பொருட் குழுவுக்காக, கண்டியில் படநிலையம் நடத்திய ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் 1870, 71ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா ஆகிய இடங்களைப் படமெடுத்தார். அந்நாளைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, அது காயுமுன்னரே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். காட்டுக்குள் போனாலும் இருட்டறைக் கூடாரம், இரசாயனப் போத்தல்கள், கண்ணாடித் தகட்டுப் பெட்டிகள், தண்ணீர் எல்லாம் கூடவே போக வேண்டும். ஒரே பை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கண்டியிலிருந்து தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போகும் பாதை எங்கள் மாத்தளையைக் கடந்துதான் செல்கிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் சட்டத்துக்கு வெளியே நிற்கும் மனிதர்கள்தான் என் நினைவுக்கு வருவார்கள். லோட்டனின் பெயர் வரலாற்றில் நின்றது. கண்ணாடியை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்த தோள்களின் பெயர்கள் நிற்கவில்லை.

பெயர் நிற்காதது ஒன்று. பழி நிற்பது இன்னொன்று. யூசுப் நபியின் வரலாற்றுக்கே மீண்டும் வருவோம். காணாமற்போன பாத்திரம் யாருடைய பொதியிலிருந்து எடுக்கப்பட்டதோ அவரே தடுத்து வைக்கப்படுகிறார். பொதிக்குள் வைத்தது யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. சோதனைச் சாவடிகளின் நியதியும் அதுதான். யுத்த காலத்தில், நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில், பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையைத் திறந்து காட்டிவிட்டு மீண்டும் ஏறுவது எமக்குச் சாதாரண விடயம். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் பாடசாலை வாசலில் சிறு பிள்ளைகளின் புத்தகப் பைகளும் திறக்கப்பட்டன. அம்மாதங்களில் தொப்பி அணிந்த ஓர் இளைஞன், வயர்களும் பற்றரிகளும் நிறைந்த பையொன்றை, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே சுமந்து சென்றிருந்தால் அவன் நிலை என்னவாகியிருக்கும்? "எனத்த ஈக்கியோ தெரியா" என்ற பதிலை யார் ஏற்றிருப்பார்கள்? இன்னொருவர் கையில் பையைக் கொடுக்கும்போது அதன் உள்ளடக்கத்தைச் சொல்லிக் கொடுப்பது மரியாதைக்காக மட்டுமல்ல. அவனுடைய பாதுகாப்பே அதில் இருக்கிறது.

அப்படியாயின் யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் தாமே சுமப்பதா? அதுவும் சரியல்ல. கருவிகளை விடப் பெறுமதியான ஒன்றைப் பற்றி எண்ணும்போது இது தெளிவாகும். 1915இல் அண்டார்டிக் கடலில் என்டியூரன்ஸ் கப்பல் பனிக்கட்டிகளால் நொறுக்கப்பட்டபோது, படப்பிடிப்பாளர் பிராங்க் ஹேர்லியும் தலைவர் ஷெக்கில்டனும் கண்ணாடித் தகடுகளைத் தெரிவுசெய்தார்கள். ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டு, மீண்டும் எடுக்க ஆசை வராதபடி 400 அளவிலான தகடுகளை உடைத்தார்கள். பெரிய கமராக்களையும் கைவிட்ட ஹேர்லி, சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய கொடக் கமராவையும் மூன்று பிலிம் சுருள்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். கருவியை மறுபடி வாங்கலாம். கடந்துபோன கணத்தை வாங்க முடியாது. ஆகவே முதலில் பிரித்து வைக்கப்பட வேண்டியது எடுத்த படம்.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது 70,000க்கும் மேற்பட்டோர் தம் வீடுகளை விட்டு வந்தார்கள். சிலருக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. எந்தப் பையில் எதை வைப்பது என்று யோசிக்கும் உரிமைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், அந்த வீட்டு உம்மாவின் கலியாணப் படம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. அல்பம் யாழ்ப்பாணத்து வீட்டோடு போய்விட்டது. மிஞ்சிய படம், பல ஆண்டுகளுக்கு முன் புத்தளத்திலிருந்த சாச்சிக்குத் தபாலில் அனுப்பிய பிரதி. அந்தச் சாச்சிதான் அவர்களுடைய இரண்டாவது பை. தாம் ஒரு பையாக இருப்பது அவருக்கே தெரியாது. யாருடைய படம், எப்போது எடுத்தது என்று படத்தின் பின்புறம் எழுதி வைத்திருந்தார், அது போதுமாயிருந்தது.

எங்கள் மாவட்டத்து அலுவிகாரையில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் மனனம் செய்தோரைக் கொண்டுபோய்விடும் என்ற அச்சத்தில் பௌத்த பிக்குமார் திரிபிடகத்தை ஏட்டில் எழுதியதாக மரபு கூறுகிறது. யமாமாப் போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது உமர் (ரலி) அவர்களுக்கு வந்த அச்சமும் அத்தகையதே. அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் ஓரிடத்தில் திரட்டப்பட்ட குர்ஆன், உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் பல நகரங்களுக்குப் பிரதிகளாக அனுப்பப்பட்டது. அனுப்பப்பட்ட ஒவ்வொரு பிரதியும் முழுமையானது. அதைப் பெற்றவர்களும் தாம் பெற்றது இன்னதென்று அறிந்தே பெற்றார்கள். மறுபுறம், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சாம்பலான சுமார் 97,000 நூல்களுள், வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளை எண்ணிப் பார்த்தால், ஒரே பையின் விலை எவ்வளவு என்பது விளங்கும்.

ஆகவே பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிப்பதற்கு ஓர் ஒழுக்கம் உண்டு. அதை நம் வழக்கில் அமானிதம் என்கிறோம். அமானிதம் என்றால் பெற்றவருக்கு மட்டுமே கடமை என்று பலர் எண்ணுகிறார்கள். கொடுப்பவருக்கும் கடமை உண்டு என்பது என் கருத்து. என்ன கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். சுமக்கக்கூடிய அளவே கொடுக்க வேண்டும். வேண்டுமென்று செய்யாத நட்டத்தை அவர் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. வேலை முடிந்து அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் படநிலையத்தின் பெயர் அச்சாகும்போது, பையைச் சுமந்த தம்பியின் பெயரும் அதற்குக் கீழே ஒரு வரியாக இடம்பெறலாம். அதற்கு மை அதிகம் செலவாகாது.

படப்பிடிப்பாளர்களுக்கு மட்டுமன்றி, பிள்ளைகளின் கையில் தம் நினைவுகளையும் கடன்களையும் கனவுகளையும் ஏற்றிவிடும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்துமல்லவா? ஒவ்வொரு நாளும் நாற்பது பிள்ளைகளின் முதுகில் ஏதோவொன்றை வைத்து வீட்டுக்கு அனுப்புகிறேன். அந்தப் பைகளுக்குள் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டியது என் கடமை.