ஒப்பீட்டின் அறம்

இரண்டு பொருள்களை அருகருகே வைத்த அன்றே மனிதன் ஒப்பிடவும் தொடங்கிவிட்டான். ஒப்பிடாமல் வாங்குவோர் இல்லை. ஒப்பிடாமல் கற்பிப்போரும் இல்லை. ஆயினும் ஒப்பிடுதல் வெறும் அறிவுத் தொழில்தானா, அன்றி அதற்கென ஓர் அறமும் உண்டா என்னும் வினாவை எவரும் எளிதில் எழுப்புவதில்லை. இவ்வினாவை ஆராய ஒரு சிறு பொருளே போதும். ஸ்நூக்கர் ஆட்டத்தில் பந்தைத் தட்டும் ‘கியூ’ எனப்படும் ஆட்டக்கோலே அது.

ஸ்நூக்கர் ஆட்டம் 1875ஆம் ஆண்டில், ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேயப் படை அலுவலரிடையே தோன்றியது என்பர். அதன் தொடக்ககால விதிகள் உருப்பெற்ற இடங்களுள் நீலகிரியின் உதகமண்டலமும் ஒன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வாட்டத்தின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெற்றோர் உளர். ஆட்டத்தின் நன்மை தீமைகள் ஈண்டு ஆய்வுக்குரியன அல்ல. அதன் கருவியை உருவாக்கும் கைவினைஞரின் உழைப்பும், அவ்வுழைப்பை எடைபோடும் முறையுமே கருதத்தக்கவை.

ஆட்டக்கோல் மூன்றடிக்குக் குறையாமல் இருக்கவேண்டும்; மரபுவழி வந்த கூம்பிய வடிவினின்று மாறாதிருக்கவேண்டும்; மெல்லிய நுனியில் முனை பொருத்தப்பட்டிருக்கவேண்டும். விதி கேட்பது ஏறத்தாழ இவ்வளவே. எம்மரம், எவ்வளவு எடை என்பனவற்றை அது செய்வோனிடமும் ஆடுவோனிடமும் விட்டுவிடுகிறது. எனவேதான் ஒருவர் செய்த கோல் மற்றொருவர் செய்த கோலைப் போல் இருப்பதில்லை.

கோலின் தண்டு பெரும்பாலும் ஆஷ் மரத்தாலோ மேப்பிள் மரத்தாலோ ஆனது. ஆஷ் மரத்தில் அம்புமுனை போன்ற வரிகள் தெளிவாகத் தெரியும்; ஒவ்வொரு முறையும் கோலை ஒரே வாக்கில் பிடிக்க அவை ஆடுவோனுக்கு உதவும். மேப்பிளின் வரிகளோ கண்ணுக்கு மங்கலானவை. கைப்பிடிப் பகுதிக்குக் கருங்காலியே பெயர்பெற்றது. கைவினைஞர் தண்டின் பருத்த முனையை நாற்புறமும் சரிவாக இழைத்து, ஒவ்வொரு சரிவிலும் கருங்காலித் துண்டை ஒட்டிப் பின்னர் உருட்சியாக இழைப்பர். இழைக்க இழைக்க, ஒளிந்திருந்த நான்கு கரிய முனைகள் வெளிப்படும். அவை நான்கும் ஒரே உயரத்தில் நிற்குமாயின் கை வழுவவில்லை என்பது பொருள். ஒன்று ஏறி மற்றொன்று இறங்குமாயின், இழைப்புளி எங்கோ ஒருபுறம் சாய்ந்தது என்பதை அக்கோலே சொல்லிவிடும்.

இத்தகைய கோல்களைச் செய்வோர் பலர். இலண்டனின் ஜான் பாரிஸ் உலக வாகையர் பலருக்குக் கோல் செய்தளித்தவர். 1885இல் தொடங்கிய பெரடான் நிறுவனம் லிவர்பூலில் புகழ்பெற்றது. தாய்லாந்தில் ஓமின் முதலிய பட்டறைகள் பெயர்பெற்றுள்ளன. ஒரு பட்டறையின் கோல் அடக்கமான கருநிறத்தோடு அமையும். மற்றொன்றின் கைப்பிடியில் பலநிற மெல்லிய மரச்சீவல்கள் அடுக்கடுக்காய் மிளிரும். இவற்றுள் சிறந்தது எது? வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. ஆனால் இஃது ஒரு கேள்வி அன்று. மூன்று கேள்விகள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன.

முதலாவது, அளவு பற்றிய கேள்வி. நீளம் 57 அங்குலமா 58 அங்குலமா, எடை 17 அவுன்சா 19 அவுன்சா, முனையின் குறுக்களவு 9 மில்லிமீட்டரா 10 மில்லிமீட்டரா என்பனவற்றை அளவுகோலும் தராசும் சொல்லும். இங்கே சண்டைக்கு இடமில்லை. ஆனால் 19 அவுன்சு 17 அவுன்சைவிடச் சிறந்தது என்று எந்தத் தராசும் சொல்லாது.

இரண்டாவது, நேர்மை பற்றிய கேள்வி. மரம் நன்கு உலர்ந்து பதப்பட்ட பின்னரே எடுத்தாளப்பட்டதா? ஒட்டிய இடத்தில் இடைவெளி விழுந்து, மரத்தூளாலும் சாயத்தாலும் மறைக்கப்பட்டதா? பித்தளைப் பூண் மரத்தோடு வழுவின்றிப் பொருந்துகிறதா? இங்கே தரவேறுபாடு உண்டு. அதனைச் சொல்லியே ஆகவேண்டும். “எல்லாரும் உழைப்பாளிகளே, எல்லாமே நல்லவையே” என்று புன்முறுவலோடு ஒதுங்குவது பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அது, பொறுத்திருந்து மரத்தை உலர்த்தியவனுக்கு இழைக்கும் அநீதி. அவசரக்காரனுக்கும் அவனுக்கும் ஒரே பாராட்டு என்றால், அவன் காத்திருந்த காலத்துக்கு யார் மதிப்பளிப்பது?

மூன்றாவது, பொருத்தம் பற்றிய கேள்வி. இங்கே அளவுகோலும் ஓய்ந்துவிடுகிறது; கைவினைஞனின் புகழும் ஓய்ந்துவிடுகிறது. ஸ்டீபன் ஹென்ட்ரி சிறுவனாய் இருந்தபோது கிடைத்த, நாற்பது பவுன் விலையுள்ள சாதாரணக் கோலைக்கொண்டே 1990 முதல் 1999 வரை ஏழுமுறை உலக வாகையர் பட்டம் வென்றார். விலையுயர்ந்த கோல்களை வாங்கும் வசதி வந்த பின்னும் அவர் அதனைக் கைவிடவில்லை. 2003ஆம் ஆண்டில் விமானப் பயணத்தின்போது அக்கோல் முறிந்தது. அதே ஆண்டு இறுதிக்குள் வேறொரு கோலால் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தையும் அவர் வென்றார். உலகப் பட்டம் மட்டும் மீண்டும் வாய்க்கவில்லை. அது பழைய கோலின் பிரிவாலா, ஏறிய வயதாலா, எழுந்துவந்த இளையோரின் வலிமையாலா என்று எவரால் பிரித்துரைக்க இயலும்? கோலையும் கையையும் வேறுபிரிக்க முடியாத இடத்தில், கோலுக்கு மட்டும் மதிப்பெண் இடுவது பொருந்தாது.

ஆகவே ஒப்பிடுவோன் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, தீர்ப்புச் சொல்லவேண்டிய இடத்தில் வாய்மூடி இருப்பது. மற்றொன்று, தீர்ப்புக்கு இடமில்லாத இடத்தில் வரிசைப்படுத்துவது. முன்னது கோழைமை, பின்னது செருக்கு. பெயரையும் விலையையும் பார்த்து முதலிடம் தருவோர் இரண்டாம் பிழைக்கு ஆளாகின்றனர். பெயர் பெறாத பட்டறையில் குனிந்து இழைத்துக்கொண்டிருப்பவன் தன் தரப்பைச் சொல்ல அங்கே வரப்போவதில்லை. வராதவனைப் பற்றிய தீர்ப்பு என்பதாலேயே அது கூடுதல் கவனத்தைக் கேட்கிறது. நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் கண்ட குறளைப் பயில்வோர், தராசின் நா வழக்காடுவோரிடம் மட்டுமன்றிச் செய்பொருளிடமும் நேராக நிற்கவேண்டும் என்பதை மறத்தலாகாது.

இவ்வுண்மை பட்டறையோடு நின்றுவிடுவதன்று. ஆண்டிறுதியில் மாணவரை வரிசைப்படுத்தும் ஆசிரியரும் இம்மூன்று கேள்விகளையே எதிர்கொள்கிறார். தேர்வுத்தாள் அளந்து காட்டுவதை அவர் மறைத்தல் கூடாது. உழைத்த பிள்ளையையும் ஏமாற்றி எழுதிய பிள்ளையையும் ஒன்றாகப் புகழ்தலும் கூடாது. ஆனால் ஒரு பிள்ளை எந்தப் பணிக்கு, எந்த வாழ்வுக்குப் பொருந்தும் என்பதை முதலிடம், கடையிடம் என்னும் எண்களால் சொல்லிவிட முடியாது. அதற்கு அப்பிள்ளையைப் பலநாள் அருகிருந்து காணவேண்டும். காலத்துக்கும் சிறிது வாய்ப்பளிக்கவேண்டும்.

கைவினைஞன் மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அதன் வரிகள் எப்பக்கம் ஓடுகின்றன என்று பார்க்கிறான். பிறகே இழைப்புளியை எடுக்கிறான். பிறரை ஒப்பிட்டுத் தீர்ப்புரைக்கும் பொறுப்பை ஏற்றோர் அனைவருக்கும் அந்த வரிசைமுறையே நல்வழி ஆகும்.