வேடியப்பனுக்கு ஒரு சர்வே எண்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டாரத்தில் கொல்லை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் வேடியப்பன் என்று கும்பிடப்படும் கற்களில் பலவும் நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். மார்பிலோ தொடையிலோ தைத்த அம்பு. காலடியில் ஒரு கெண்டி, சிலவற்றில் ஒன்றிரண்டு மாடுகள். உருவத்துக்கு மேலே கல்லின் விளிம்பையொட்டி வட்டெழுத்து வரிகள் ஓடும். அந்த எழுத்தின் பள்ளங்களில் தலைமுறைகளாக ஊற்றிய எண்ணெயும் மஞ்சளும் திருநீறும் சேர்ந்து கருத்து இறுகியிருக்கும். விரல் வைத்துத் தடவினால் எழுத்து இருப்பது தட்டுப்படும், கண்ணுக்கு எட்டாது.

இந்தக் கற்களைத் தேடி இப்போது ஆர்வலர்கள் வருகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள் எனப் பலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக விழும் நேரம் பார்த்துப் படம் எடுக்கிறார்கள், ஏனென்றால் அப்போதுதான் தேய்ந்த எழுத்தில் நிழல் நிற்கும். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மைப்படி எடுக்கக் கற்றவர்களும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வரலாற்று ஆய்வு மற்றும் ஆவணப்படுத்தும் குழு என்றே ஒன்று இயங்குகிறது. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ், ஊர்ப்பக்கத்து ஆர்வலர்கள் கண்டெடுத்த கல்வெட்டுகளை ஆண்டுதோறும் அச்சிட்டு வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ‘தகவலாற்றுப்படை’யில் நடுகற்களைப் படத்தோடு பார்க்கலாம்.

இவர்களுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலையும் 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ நூலையும் வெளியிட்டது. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைச் சரிபார்க்கப் பெரிய கோயில்களின் கல்வெட்டுகள் உதவியதைப் போலவே, மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களின் கற்களும் உதவின. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நட்ட கல் ஒன்று இருக்கிறது. வீரனின் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர் பொறித்து, கள்ளரைக் கடித்து எதிர்த்து நின்ற செய்தியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இறந்துபோன ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இவர்களைப் போலவே உலகெங்கும் கல்லறைகளைப் பதிவு செய்யும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சென்னை மாகாணத்து ஐரோப்பியர் கல்லறை எழுத்துகளை ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டி 1905இல் நூலாக்கினார். தெற்காசியாவில் கைவிடப்பட்ட ஐரோப்பியர் கல்லறைகளுக்கென்று 1976இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1995இல் அமெரிக்கர் ஒருவர் தொடங்கிய ‘ஃபைண்ட் எ கிரேவ்’ தளத்தில் இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட இறந்தோர் பதிவுகள் உள்ளன. அங்கெல்லாம் வேலை எளிதில் பிடிபடும். கல்லில் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். கடல் தாண்டிய பேரப்பிள்ளை தேடி வருவார்.

பென்னாகரத்தில் நிலைமை வேறு. கல்லில் இருப்பவரைத் தேடி யாரும் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. எண்ணெய் ஊற்றுகிறவர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். “எங்க குலசாமிங்க, செருப்பக் கழட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் படம் எடுக்க விடுவார். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கல் இத்தனை காலம் விழாமல் நிற்பது அவர் குடும்பத்தால்தான். படம் எடுத்தவரின் பெயர் இணையத்தில் ஏறுகிறது, கல்லைக் காத்தவரின் பெயர் ஏறுவதில்லை. இது சரியில்லை. எந்தக் குடும்பம் பூசை செய்கிறது, எந்த மாதத்தில் பொங்கல் வைக்கிறார்கள், கல்லைப் பற்றி என்ன கதை சொல்கிறார்கள் என்பதும் அந்தக் கல்லின் வரலாறுதான். அவர்கள் சம்மதித்தால் அதையும் எழுதியாக வேண்டும். படித்துச் சொன்ன வாசகத்தைத் தமிழில் தெளிவாக எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஊரைவிட்டு வர வேண்டும்.

கல் உள்ளவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கல் இல்லாதவர்கள்?

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 அக்டோபர் இறுதியில், மேக்ஸ்வெல் என்ற தளபதியின் கீழ் வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலப் படை பென்னாகரம் கோட்டையை ஏணி வைத்து ஏறிப் பிடித்தது. உள்ளே இருந்த திப்புவின் காவல்படையில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டனர். கம்பெனியார் தங்கள் வெற்றியை எழுதி வைத்தார்கள். செத்தவர்களின் பெயரை யாரும் எழுதவில்லை. அவர்கள் இந்த மண்ணைச் சேர்ந்தவர்களா, எங்கிருந்தோ சம்பளத்துக்கு வந்தவர்களா, யாருக்குப் பிள்ளைகள் என்று இனி அறிய வழியில்லை. எடுத்தனூரில் ஒரு நாய்க்குக் கிடைத்த ஒரு வரி இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதே வட்டத்தில் பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தவர் அவர். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றது வெள்ளை அரசு. நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23 அன்று, 40 வயதில், பாப்பாரப்பட்டியில் உயிர் பிரிந்தது. இன்று அங்கே மணிமண்டபம் இருக்கிறது, ஆண்டுதோறும் மாலை போடுகிறார்கள். அது நடக்க வேண்டியதுதான். அவரைப் போல அதே நோயில் ஒதுக்கப்பட்டு இறந்த மற்றவர்களை எந்த மயானத்தில் புதைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

எழுத்தே இல்லாத காலத்துச் சாவுகளும் இந்த நிலத்தில் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் கல்வட்டங்களும் கல்திட்டைகளும் பரவிக் கிடக்கின்றன. பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று ஊரார் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகைக் கல் நன்றாக இருக்கிறதென்று வீட்டு வாசலுக்குப் பெயர்த்துப் போனவர்கள் உண்டு. நிலம் திருத்த வந்த ஜேசிபி ஒரு காலைப் பொழுதில் ஒரு கல்வட்டத்தையே அள்ளிக் கரையில் கொட்டிவிடும். புதையல் ஆசைக்காரர்கள் இரவில் தோண்டுவார்கள். ஈமக்குழியில் கிடைப்பது பானை ஓடும் எலும்பும் துருப்பிடித்த இரும்பும்தான். அது அவர்களுக்குக் குப்பை. பூதிநத்தத்தில் 2023இல் தொல்லியல் துறை அகழாய்வு நடத்திய பிறகு இந்தப் பக்கத்தின் தொன்மை பத்திரிகைகளில் அடிபட்டது. அதே செய்தி தோண்டுகிறவர்கள் கண்ணிலும் படும். ஆகவே, எங்கே இருக்கிறது என்ற துல்லியமான இருப்பிடப் புள்ளியைப் பொதுவெளியில் போடும் ஆர்வலர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: காவல் இல்லாத ஈமக்காட்டின் புள்ளியை ஊருக்கும் துறைக்கும் கொடுங்கள், உலகத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

படம் ஏற்றிவிட்டால் கல் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. அது உண்மையல்ல. சாலை அகலமாகும்போதும் குவாரிக்கு உரிமம் கொடுக்கும்போதும் அதிகாரி பார்ப்பது கிராமத்தின் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும்தான். அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே ‘தரிசு’ என்றோ ‘பாறை’ என்றோ இருந்தால், இணையத்தில் எத்தனை அழகான படம் இருந்தாலும் அந்த இடம் வெறும் பாறைதான். 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டம் அரசு அறிவித்த சின்னங்களுக்குக் காவல் தருகிறது. அறிவிக்கப்படாத வேடியப்பனுக்கு ஊர்தான் காவல்.

இன்றைய மயானங்களுக்கும் இதுவே பொருந்தும். மயானப் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கிற நிலம் தரையில் பாதியாகச் சுருங்கிய ஊர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. மயானம் இருந்தும் போக வழி இல்லாத சேரிகளும் உண்டு. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பட்டா நிலத்தின் வழியாகப் போக விடாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிப் பாலாற்றுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காட்சியைச் செல்பேசியில் பதிவு செய்தவராலேயே அது உயர் நீதிமன்றம்வரை போனது. பழைய கல்லறைகளை ஆவணப்படுத்துகிற கை, நேற்றுப் புதைத்தவரின் மண்மேட்டையும் அதற்குப் போகும் பாதையையும் ஆவணப்படுத்தத் தயங்கக் கூடாது. ஆயிரம் ஆண்டு கழிந்தால்தான் ஒரு சாவு வரலாறாகும் என்று எந்த விதியும் இல்லை.

பென்னாகரத்துப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை இது. உங்கள் ஊர் வேடியப்பன் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கும்பிடும் குடும்பத்தின் பெரியவர் சொல்வதை அவர் வாயால் பதிவு செய்யுங்கள். கல்லில் பெயிண்ட் அடிக்கவும் சிமெண்டு பூசவும் ஊர் முடிவு செய்தால், எழுத்து மறைந்துவிடும் என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். படத்தையும் எண்ணையும் சேர்த்துத் தொல்லியல் துறைக்கு ஒரு மனுவாக எழுதி, கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஊர் மயானத்தின் எல்லையையும் அதே மனுவில் சேருங்கள்.