அவள் கேள்வியும் நம் குரலும்

ஒருவருடைய துன்பத்தை இன்னொருவர் எடுத்துரைக்கும்போது அங்கே ஒலிப்பது யாருடைய குரல்? தொழிலாளர் இயக்கத்தில் நின்றோரும் சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதினோரும் நெடுங்காலமாகச் சந்தித்துவரும் கேள்வி இது. கணவனால் வதைக்கப்படும் பெண்ணுக்காகப் பேச முன்வருவோரிடம் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகின்றது. ஏனெனில், அவளுக்காகப் பேச ஏற்கெனவே பலர் இருக்கின்றனர். தந்தை பேசுகிறார்; மாமியார் பேசுகிறார்; தோட்டத் தலைவர் பேசுகிறார்; கோயிற் பெரியவரும் பேசுகிறார். அடித்தவனும் தன் பங்குக்கு அவளைப் பற்றிப் பேசுகிறான். அவளிடம் கேட்பவர்தாம் இல்லை.

இது எங்கோ ஒரு வீட்டில் நிகழும் விபத்தன்று. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் இலங்கை முழுவதும் நடத்திய ஆய்வின்படி, மணவாழ்வில் அல்லது துணைவாழ்வில் ஈடுபட்ட பெண்களில் ஐவருள் ஒருவர் தம் துணைவனால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வதைக்கப்பட்டிருக்கிறார். ஆயினும், இது தோட்ட லயங்களின் நோய் என்றும், சாராயம் செய்யும் வேலை என்றும் சொல்லிக் கடந்துபோவோர் நம்மிடையே உண்டு. குடித்தவன் துரையை அடிப்பதில்லை, கங்காணியை அடிப்பதில்லை, வழியெல்லாம் அடங்கி நடந்து, வீட்டுக்கு வந்து மனைவியை அடிக்கிறான். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கலாகாது என்ற அறிவைச் சாராயம் அழித்துவிடவில்லை. அந்த அறிவை அவனுக்குப் புகட்டியது சமுதாயம். லயத்தின் மெல்லிய சுவர் ஊருக்குக் கேட்கச் செய்வதை, நகரத்து மாடிவீட்டின் தடித்த சுவர் மறைத்துவிடுகிறது. வேறுபாடு அவ்வளவே.

யட்டவத்த போன்ற தோட்டங்களும் கிராமங்களும் கலந்த பிரதேசங்களில், இத்தகைய வழக்கு பெரும்பாலும் முதலில் வருவது நீதிமன்றத்துக்கு அன்று; பெரியவர்களிடம் வருகிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். குடும்பம் உடையக்கூடாது என்றே விரும்புகின்றனர். "இருவரும் விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று தீர்ப்புச் சொல்கின்றனர். அவன் விட்டுக்கொடுக்க வேண்டியது கையை ஓங்கும் பழக்கத்தை. அவள் விட்டுக்கொடுக்க வேண்டியது எதை? அடிபடாமல் இருக்கும் உரிமையையா? வலியவனுக்கும் மெலியவளுக்கும் நடுவே சம தூரத்தில் நிற்பதை நடுநிலை என்று எண்ணுகிறோம். முதலாளிக்கும் கூலிக்கும் இடையே அப்படி நிற்பவனை நாம் நடுநிலையாளன் என்று அழைப்பதில்லை. வீட்டுக்குள் மட்டும் அந்த அளவுகோல் ஏன் மாறவேண்டும்?

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை உண்டு. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற சீர்திருத்த ஆர்வலர்களே. "இன்னும் ஏன் அவனோடு இருக்கிறாய்? இன்றே விட்டுவிட்டு வா" என்று ஆணையிடுகிறோம். அவள் தயங்கினால், விழிப்புணர்ச்சி அற்றவள் என்று சலித்துக்கொள்கிறோம். ஆனால், பெண் பிரிந்து செல்ல முனையும் வேளையே அவள் உயிருக்குப் பேராபத்தான வேளைகளில் ஒன்று என்பதை உலகெங்கும் இத்துறையில் உழைப்போர் கண்டறிந்திருக்கின்றனர். அவனுடைய சினத்தின் அளவை அறிந்தவள் அவள், நாம் அல்லர். அவள் தயக்கத்தை அறியாமை என்று எண்ணுபவர், அவளுடைய கணக்கை வாசிக்கத் தெரியாதவர். ஒருவன் அவளுக்காக எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டிருந்தான். இப்போது நாம் முடிவு செய்கிறோம். எசமான் மாறினான், அடிமைநிலை மாறவில்லை.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? பாரதக் கதையின் சபையை நினைவுகூர்வோம். தன்னைப் பணயம் வைக்கக் கணவனுக்கு உரிமை உண்டா என்று கேட்டவள் திரௌபதி. வீடுமன் முதலான பெரியோர் தெளிவான விடை தரவில்லை. அப்போது எழுந்தவன் கௌரவருள் ஒருவனான விகர்ணன். அவன் அவளுக்காகப் புதிய கேள்வி எதையும் படைக்கவில்லை. அவள் கேட்டதற்கு விடை சொல்லுங்கள் என்று சபையை வற்புறுத்தினான். தன் கருத்தை அதன் பின்னரே சொன்னான். சபை திருந்தவில்லை. எனினும், பிறருக்காகப் பேசுவதன் இலக்கணம் அங்கே இருக்கிறது. கேள்வி அவளுடையது. அதற்கு விடை பெறும்வரை சபையை விடாதிருப்பது நம் கடமை.

இன்றைய சபைகள் பொலிஸ் நிலையம், வைத்தியசாலை, நீதவான் நீதிமன்றம் என்பன. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவள் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்கள் வரையும், முழுக் கட்டளை 12 மாதங்கள் வரையும் செல்லும். அவன் வீட்டினுள் நுழையலாகாது என்றும் நீதிமன்றம் விதிக்கலாம். சட்டம் நல்லதே. ஆனால் அது மாத்தளை நகரில் இருக்கிறது. அவள் மலையில் இருக்கிறாள். நடுவே ஒரு நாட்சம்பளம் போகிறது. அவள் தமிழிற் சொல்வது சிங்களத்தில் எழுதப்படும்போது எது விடுபட்டது என்று அவளுக்குத் தெரிவதில்லை. குடியிருக்கும் லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். 1984 இல் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் சமமாயிற்று. ஆயினும், மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்கிக்கொள்ளும் பழைய வழக்கம் அவள் கையை வெறுமையாகவே வைத்திருந்தது. போக இடமும் கையிற் காசும் இல்லாதவளிடம் "முடிவு உன்னுடையது" என்று சொல்லி ஒதுங்குவதும் ஏமாற்றே.

ஆகவே, இவ்வேலை மேடைப் பேச்சன்று. முறைப்பாட்டுக்கு உடன் செல்வது. எழுதப்பட்டதை அவள் மொழியில் வாசித்துக் காட்டுவது. காயத்தை வைத்தியர் பதிவு செய்யச் செய்வது. அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் பாதுகாப்பாக இருக்க வழிசெய்வது. ஒவ்வொரு வழியும் எங்கே கொண்டுபோகும் என்பதை மறைக்காமல் சொல்வது. 1987 இல் தொடங்கிய விமன் இன் நீட் போன்ற அமைப்புகளும், அரச வைத்தியசாலைகளிலுள்ள மித்துரு பியச நிலையங்களும் ஆற்றும் பணி பெரும்பாலும் இத்தகையதே.

இத்தனைக்கும் பிறகு அவள் முறைப்பாட்டை மீளப்பெற்று வீடு திரும்பினால்? வருந்தலாம், கதவை அடைக்கலாகாது. மறுமுறை வரும்போது, "அன்றே சொன்னேன்" என்ற சொல் நம் வாயில் எழாதிருக்க வேண்டும். ஒரேயொரு இடத்தில் அவள் முடிவு நம்மைக் கட்டாது: அடி பிள்ளைமீது விழும்போது. பிள்ளையின் வழக்கு தாயின் வழக்கினுள் அடங்கிவிடுவதன்று. பிள்ளைக்காக மற்றவர் நீதிமன்றம் செல்லச் சட்டமும் வழி வைத்திருக்கிறது. வகுப்பறையில் அப்பிள்ளையை நாள்தோறும் காணும் ஆசிரியர், தமக்குத் தெரியாது என்று சொல்ல இயலாது.

கண்ணகி தன் கணவனுக்காக அரசவையில் வழக்குரைத்ததை நாம் மாணவருக்குப் பெருமையோடு கற்பிக்கிறோம். கற்பிக்க வேண்டியதே. கணவனுக்கு எதிராக வழக்குரைக்க வரும் பெண்ணையும் அதே மதிப்போடு செவிமடுக்க அம்மாணவர் பழகுவாராயின், நாம் கற்பித்த தமிழ் வாழ்க்கைக்குப் பயன்பட்டதாகும்.