ஒரு துளியில் நிற்கும் கை

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைதான் கிணற்று நீர். அது உவரா, நன்னீரா என்பதை நாக்கு ஓரளவு சொல்லிவிடும். தோட்டத்து உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கசியும் நைத்திரேற்றை நாக்கு அறியாது.

அதை அறிய ஆய்வுகூடம் வேண்டும், அங்கே நிதானமான ஒரு கை வேண்டும்.

உவரைத் துல்லியமாக அறியக் குளோரைட்டை அளக்கும் தொழினுட்பவியலாளரைப் பாருங்கள். அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விடுகிறார். மறுகை குடுவையைச் சுழற்றியபடி இருக்கிறது. காட்டி சேர்த்த மஞ்சள் நீரில் செம்மை படர்ந்து மறையாமல் நிற்கும் அந்தத் துளியோடு நிறுத்தவேண்டும். கூடினால் கணக்குப் பிழைக்கும். போத்தலைச் சரியாகக் கழுவாவிட்டால் நல்ல கிணற்றுக்கும் வீண்பழி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக ஊரே கலங்கிய நாள்களில், மக்கள் காத்திருந்தது இப்படிப்பட்ட கைகள் தரும் எண்களுக்காகத்தான்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்கவைத்தாலும் அது போகாது. அது கைக்குழந்தைகளையே அதிகம் பாதிக்கும் என்பதால், புட்டிப்பால் குடிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால், கிணற்று நீரை ஒருமுறை சோதிக்கக் கொடுங்கள்.