முடித்த பின்

ஒன்றை முடித்தோம் என்னும் இன்பம் எதிலிருந்து பிறக்கிறது?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஒரு சிறு குழுவினர், ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ என்னும் வீடியோ விளையாட்டை 2019-இல் அறிவித்தனர். அது வெளிவந்ததோ 2025 செப்டம்பர் 4-ஆம் நாள். அன்று வாங்கத் திரண்டோர் பெருக்கால் இணைய விற்பனைத் தளங்களே தடுமாறின. இத்துணைத் தாமதம் ஏனெனில், அப்பணியில் தாங்கள் கண்ட இன்பமே காரணம் என்றனர் அதனை ஆக்கியோர்.

ஆறாண்டுக்கு மேல் காத்திருந்து ஆடி முடித்தவனுக்கு மகிழ்ச்சியோடு ஒரு வெறுமையும் வருவது இயல்பே. காத்திருப்பும் போராட்டமும் அன்றோ அவன் உள்ளத்தை நிரப்பியிருந்தன!

விளையாட்டு வீண் என ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். தொழுகையையும் கடமையையும் விழுங்கினால் அது வீணே. ஆயினும், வீழ்ந்து வீழ்ந்து எழுந்து பழகிய ஸப்ர் வீணன்று. அதனை இனி எதில் செலவிடுவது என்பதே கேள்வி.

திருமறையைக் கத்மு செய்வோர் அந்நாஸ் சூராவோடு நின்றுவிடுவதில்லை. உடனே ஃபாத்திஹாவையும் அல்பகராவின் தொடக்கத்தையும் ஓதுவர். முடிவையே வாசலாக்கிய மரபு அது. வெறுமைக்கு மருந்தும் அதுவே: முடித்ததற்கு ‘அல்ஹம்துலில்லாஹ்’; அடுத்த நற்பணிக்கு ‘பிஸ்மில்லாஹ்’.