அரைப்பேர்

தேயிலைத் தோட்டங்களிலே ‘அரைப்பேர்’ என்று ஒரு சொல் வழங்கி வருகிறது. காலையில் பிரட்டுக்கு வந்து, பனியிலும் மழையிலும் நாள் முழுதும் மலையில் நின்று கொழுந்து கொய்த ஒரு பெண், மாலையில் தராசில் வைக்கும் நிறை தோட்டம் விதித்த அளவுக்கு எட்டாவிடில், அவளுக்கு அன்று முழுப்பேர் விழுவதில்லை, அரைப்பேரே விழுகிறது. அவள் உழைத்தது முழு நாள். செக்ரோலில் ஏறுவது பாதி நாள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இச்சொல்லை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்றையோருக்காகவே இவ்வளவும் கூறினோம்.

உழைப்புக்கு மாத்திரமன்றி உரிமைக்கும் அரைப்பேர் போடும் வழக்கம் உலகில் உண்டு. ஒரு சமுதாயம் தன்னைச் சீர்திருத்திக்கொள்ளப் புறப்படுகிறது. அநீதிகளைக் களையச் சட்டம் இயற்றுகிறது. ஆனால், ‘மக்கள்’ என்று அது வகுத்துக்கொண்ட எல்லைக்கு அப்பால், அதே ஆட்சியின் கீழ், வேறு மக்களும் வாழ்கின்றனர். எல்லையோடு நின்றுவிடும் அச்சீர்திருத்தத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? பாதி நன்மையும் நன்மையே என்று ஏற்பதா? மீதிப் பாதியை மறுப்பதற்கே அது கருவியாயிற்றா என்று வினவுவதா?

இக்கேள்வியோடு அமெரிக்காவை முதலில் நோக்குவது பொருந்தும். 1904ஆம் ஆண்டு அந்நாட்டின் செயின்ற் லூயிஸ் நகரில் ஓர் உலகக் கண்காட்சி நடைபெற்றது. நமது மலைகளில் விளைந்த தேயிலையைப் பருகக் கொடுப்பதற்கு அங்கே இலங்கை மண்டபம் ஒன்று எழுந்தது. அதே மைதானத்தின் மற்றொரு புறத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்கள், தங்கள் கிராமங்களைப் போல அமைக்கப்பட்ட குடிசைகளில், காட்சிப் பொருளாக வைக்கப்பட்டனர். தேநீரைச் சுவைத்த கையோடு மனிதரையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

அம்மக்கள் அங்கு வந்த கதை பலர் அறிந்ததே. 1898இல் ஸ்பெயினை வென்ற அமெரிக்கா, பாரிஸ் உடன்படிக்கையின்படி இரண்டு கோடி டொலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பெற்றுக்கொண்டது. விற்றவரும் வாங்கியவரும் கலந்து பேசினர். விற்கப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. 1899இல் மூண்ட போர் 1902இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் துப்பாக்கியிலும் மாண்ட பொதுமக்கள் இரண்டு இலட்சம் வரை என்று மதிப்பிடப்படுகிறது.

இதே ஆண்டுகளைத்தான் அமெரிக்க வரலாற்று நூல்கள் சீர்திருத்த யுகம் என்று போற்றுகின்றன. அதுவும் பொய்யன்று. இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளரின் நரக வாழ்வை அப்டன் சின்கிளேர் நாவலாக எழுதிய 1906ஆம் ஆண்டிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவுச் சட்டமும் நிறைவேறின. (அவர் எழுதியது தொழிலாளியின் துயரை, சட்டம் பிறந்ததோ உண்போரின் வயிற்றுக்காக. இதனையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.) அச்சட்டங்கள் ஜூன் மாதத்தில் வந்தன. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், ஜோலோ தீவின் புட் டாஜோ மலையுச்சியில் ஒதுங்கியிருந்த மோரோ மக்களை ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பல நூற்றுக்கணக்கில் அமெரிக்கப் படை கொன்று குவித்தது. படைத் தலைவருக்குப் பாராட்டுத் தந்தி அனுப்பியவரும் உணவுச் சட்டத்திற் கையொப்பமிட்டவரும் ஒருவரே: ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற்.

இதனை வெறும் கபடம் என்று தள்ளிவிடுவது எளிது. நமக்கு அவ்விளக்கம் போதவில்லை. செனட்டர் அல்பேர்ட் பெவரிட்ஜ் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1900இல் பிலிப்பைன்ஸை ஒருபோதும் விடலாகாதென்று செனட்டில் முழங்கியவர் அவர். சில ஆண்டுகளின் பின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வாடிய குழந்தைத் தொழிலாளருக்காகச் சட்டம் கோரி அதே மன்றத்தில் நாட்கணக்கில் வாதாடியவரும் அவரே. இரு வேளையிலும் அவர் உள்ளன்போடு பேசினார் என்றே நாம் கருதுகிறோம். அச்சம் தருவது அதுதான். கபடக்காரனுக்கு உள்ளூர உண்மை தெரியும். உள்ளன்போடு எல்லை வகுப்பவனுக்குத் தன் எல்லை கண்ணிற் படுவதில்லை.

அமெரிக்கர் பிலிப்பைன்ஸில் பள்ளிகளைத் திறந்தனர், 1901இல் கப்பல் நிறைய ஆசிரியர்களை அனுப்பினர், சாலைகள் அமைத்தனர். கற்பிக்கும் வேலை நடப்பதே அம்மக்கள் இன்னும் கல்லாதவர் என்பதற்குச் சான்றாயிற்று. பாதுகாவலன் இருப்பதே பாதுகாக்கப்படுபவன் முதிராதவன் என்பதற்கு ஆதாரமாயிற்று. இவ்வாதம் ஓய்ந்து அவர்கள் சுதந்திரம் பெற 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க மண்ணிலே வாழ்ந்தவர்க்கும் இதே கதிதான். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாயாகச் சேவை செய்த பகத்சிங் திண்ட் என்ற இந்தியருக்குப் பிரஜாவுரிமை பெறும் தகுதி இல்லையென்று 1923இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சனநாயகத்துக்கு ஏற்றதாக உலகை ஆக்குவதே அப்போரின் நோக்கம் என்று ஜனாதிபதி வில்சன் 1917இல் அறிவித்திருந்தார். சீருடை முழுப்பேர், பிரஜாவுரிமை அரைப்பேர்.

அயலவரின் குற்றத்தை எடுத்துரைப்பது நமது நோக்கமன்று. நமது மலைநாட்டிலும் அதே காலத்தில் ஒரு சீர்திருத்தம் நடைபெற்றது. அதற்கு முன் தொழிலாளியைக் கட்டிவைத்திருந்தது ‘துண்டு’ முறை. கங்காணிக்கு அவன் பட்ட கடன் ஒரு துண்டிலே எழுதப்பட்டது. அக்கடனை மறு தோட்டம் ஏற்றாலன்றி அவன் இடம் பெயர முடியாது. அதாவது, தொழிலாளி மாறவில்லை. கடன் கைமாறியது, கடனோடு அவனும் சென்றான். தோட்டத்தை விட்டு ஓடினாற் சிறை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். 1919இல் தொழிலாளர் நலச் சங்கமும் கண்டனர். இந்திய அரசாங்கமும் நெருக்கிற்று. ஆட்கள் வருவது நின்றுவிட்டால் தோட்டம் என்னாகும் என்ற துரைமாரின் கவலையும் சேர்ந்துகொண்டது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு கண்டியில் அமர்ந்தார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது.

இவையெல்லாம் நன்மைகளே. ஆனால் அக்கூலிச் சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: அது ‘இந்தியத் தொழிலாளர்’ குறைந்தபட்சக் கூலிச் சட்டம். மூன்று தலைமுறையாக இம்மண்ணிற் பிறந்து இம்மண்ணிலேயே புதைந்தவர்களுக்கு, அவர்களைக் காக்க வந்த சட்டமே ‘இந்தியர்’ என்று நெற்றியில் எழுதிற்று. அவர்கள் நலனைக் கவனிக்க அயல்நாட்டு ஏஜண்டு ஒருவர் இருந்தாரென்பதே, அவர்கள் இந்நாட்டின் பொறுப்பல்லர் என்று வாதிக்க வழிகோலிற்று. பங்காளியாக ஏற்காமல் பராமரிப்புக்குரியவனாக வைத்து ஒருவனுக்கு நன்மை செய்தால், அந்நன்மையே பின்னொரு நாளில் அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. பிலிப்பைன்ஸில் பள்ளிக்கூடம் செய்த வேலையை இங்கே கூலிச் சட்டம் செய்தது.

1931இல் இலங்கை சர்வசன வாக்குரிமை பெற்றது. ஆசியாவிலேயே முன்னோடி என்று நாம் பெருமை கொள்ளும் அவ்வாக்குரிமை, தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகளோடுதான் வந்தது. ஆயினும் ஹட்டன் தொகுதி பெரி. சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று, 1936இல் கோ. நடேசய்யரை அனுப்பிற்று. அவரும், தோட்டந்தோறும் பாட்டுப் பாடிச் சென்ற அவர் துணைவியார் மீனாட்சியம்மையும், உரிமை கேட்டுப் பெறுவது என்பதை லயத்து வாசல்களிற் கற்பித்தவர்கள். சனநாயகத்தைக் காப்பதாகச் சொல்லி மற்றொரு உலகப் போர் தொடங்கியிருந்த வேளையில், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் இரையானான்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன; அவை அரசாங்கத்தின் கைக்கு வந்ததெல்லாம் 1970களிலும் அதற்குப் பின்னரும்தான். கல்விக்கும் உணவு மானியத்துக்கும் வைத்தியசாலைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அதிற் பெரும்பங்கு தேயிலையிலிருந்தும் றப்பரிலிருந்தும் வந்தது. கொழுந்து கொய்தவளின் குழந்தை பள்ளிக்கு வெளியே நிற்க, அவள் கொய்த கொழுந்து பிறர் குழந்தைக்குப் பாடம் நடத்திற்று. (இதனை எழுதும் நாமும் ஒரு கோப்பைத் தேநீரை அருகில் வைத்துக்கொண்டே எழுதுகிறோம்.) அதன்பின் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம். 1947 தேர்தலில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952 தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லாதொழிந்தனர்.

ஆங்கிலத்திலே ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் ஒரே சொல்தான். நம் மொழியிலோ, கேட்பவனையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. அவனை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. ஆதலால், சீர்திருத்தம் பேசும் தமிழன் தான் எதைச் சொல்கிறான் என்று அறியாமற் சொன்னதாகக் கூற இடமில்லை. 1948க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மேடைகளில் மலைநாட்டு மக்களைக் குறித்து ‘நாம்’ என்று மனமாரச் சொல்லப்பட்டது? ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் எவர் வாயிற் பிறந்தது? முற்போக்காளராகிய நம் முகாமையும் விட்டுவிடலாகாது. 1948இல் அம்மசோதாவை எதிர்த்து வாதாடிய லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் அரசாங்கத்திற் பங்கேற்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அவ்வரசாங்கமே சாஸ்திரியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் மனிதர் கணக்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு நாளில் பங்கிடுவதற்கு. 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இரண்டு கோடி டொலர் கைமாறவில்லை என்பது ஒன்றே பாரிஸ் உடன்படிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னால், மிகைப்படுத்துகிறோம் என்பர் சிலர். விற்கப்பட்டவனைக் கேட்காமை இரண்டிலும் உண்டல்லவா?

அப்படியாயின் பாதிச் சீர்திருத்தத்தை மறுத்துவிட வேண்டுமா? இக்கேள்வியை அரைப்பேர் வாங்கும் பெண்ணிடம் கேட்கலாகாது. அடுப்பு எரிய வேண்டும், அவள் வாங்கிக்கொள்கிறாள். 1921இல் துண்டு ஒழிந்ததும் எந்தத் தொழிலாளியும் முழு விடுதலை வரட்டும் என்று கடனைச் சுமந்துகொண்டிருக்கவில்லை. இருந்திருக்கவும் வேண்டியதில்லை. பெறுபவனிடம் அல்ல, கொடுப்பவனிடமே நமது வழக்கு. அவன் அரைப்பேரைப் போட்டுவிட்டு முழுப்பேர் என்று செக்ரோலில் எழுதுகிறான். அந்தப் பொய்க் கணக்கையே பிற்காலத்தவர் வரலாறு என்று படிக்கின்றனர். எல்லைக்குள்ளும் எல்லைகள் இருந்தன என்பதையும் மறக்கலாகாது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு ஆணிலும் குறைந்த கூலியையே விதித்தது. மலையிற் கொழுந்தின் பெரும்பகுதியைக் கொய்தவர்கள் பெண்களே. சம கூலி 1984இற்றான் வந்தது. அதுவரை தொழிற்சங்கத்து ஆண்களாகிய நாம் மேடைகளில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினோம்?

நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. அச்சபைகளுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யத் தோட்டத்து மக்களுக்கு வாக்கு உண்டு; தெரிவானவர் அவர்களின் லயத்துக்குச் செல்லும் வீதியில் ஒரு கூடைக் கல் போடச் சட்டம் இடந்தரவில்லை. 2018இல் அது திருத்தப்பட்டது. வீதி சென்று முடியும் லயத்து அறை, ஏராளமான குடும்பங்களுக்கு இன்றும் தோட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது.